கிரகோரியின் எண்பத்தோரு கிலோ

இப்போது ஆட்கள் தராசில் ஏறி நின்று, அந்த எண்ணைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். என் மருமகளும் அப்படித்தான். இரண்டு கிலோ இறங்கிவிட்டாளாம். அதற்குப் பாராட்டு வந்து குவிகிறது. காசு கட்டிப் பட்டினி கிடக்கிறார்கள். காசு கட்டி ஓடுகிறார்கள், அதுவும் நின்ற இடத்திலேயே. ஒரு மணி நேரம் ஓடியவன் எங்கள் லாயாங் லாயாங்கிலிருந்து பக்கத்து ஊர் ரெங்கம் வரைக்குமாவது போய்ச் சேர வேண்டாமா? இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு போட்டோ.

எடையை ஏற்றுவதற்கு நாங்கள் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இவர்கள் சொல்வதை நானும் நம்புவதில்லை, அதனால் கணக்கு சரியாகப் போயிற்று.

நான் சொல்ல வந்தது கிரகோரியைப் பற்றி. ஜொகூர் மாநிலத்தின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக ஆறு வருஷம் இருந்தவன். தோற்றிருக்கிறான், ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை. அவனுடைய மூலையில் வாளியும் துண்டும் வைத்துக்கொண்டு நின்ற காளியப்பன் நான்தான். அவன் முகத்தை அவனைப் பெற்றவளைவிட நான் அதிகம் துடைத்திருக்கிறேன்.

போன மாதம் அவன் மகள் எவ்லின் போன் செய்தாள்.

“பெரியப்பா, அப்பாவுக்கு எழுபது வயசாகுது. தம்போய்ல நம்ம சர்ச் ஹால்ல சின்னதா ஒரு விழா வைக்கிறோம். நீங்க கண்டிப்பா வரணும்.”

“வரேன். யாரு பேசுறாங்க?”

“ஃபாதர் ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அப்புறம் பொந்தியான்லருந்து சதாசிவம் அங்கிள்.”

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டேன்.

“அவனை ஏம்மா கூப்பிட்ட?”

“அப்பாதான் கூப்பிடச் சொன்னாங்க.”

“என்ன பேசப் போறான்னு கேட்டியா?”

“கேட்டேன். எடை பார்த்த கதையைச் சொல்லப் போறாராம். இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதாமே?”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சதாசிவம் என்பவன் கிரகோரிக்கு முன்னால் ஜொகூர் சாம்பியனாக இருந்தவன். முதல் சண்டையில் கிரகோரி அவனைத்தான் அடித்தான். அந்தச் சண்டைக்கு எடை பார்த்தபோது கிரகோரி மீன்வலை ஈயத்தை ஜட்டிக்குள் கட்டிக்கொண்டு தராசில் ஏறினான் என்று பொந்தியான்காரர்கள் அன்றிலிருந்து பேசுகிறார்கள். காப்பிக்கடையில் பேசுகிறார்கள், கல்யாண வீட்டில் பேசுகிறார்கள். நான் இரண்டு பேரின் சட்டையைப் பிடித்திருக்கிறேன். சதாசிவம் தன் வாயால் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. அதை நான் மனதில் வைத்திருந்தேன்.

இப்போது அவன் கையில் மைக்கைக் கொடுக்கப் போகிறார்கள். கிரகோரியின் பேரப்பிள்ளைகள் முன்னால், சர்ச் ஆட்கள் முன்னால். ஆறு வருஷப் பட்டமும் அந்த ஒரு எடையின்மேல்தான் நிற்கிறது. அது பொய் என்றால் கிரகோரி பொய். நானும் பொய்.

உண்மையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது லாயாங் லாயாங் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நான் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கிரகோரி குலை ஏற்றுகிறவன். இரும்புக் கம்பியால் குலையைக் குத்தி, தலைக்கு மேலே தூக்கி லோரிக்குள் எறிய வேண்டும். குலை கனமும் கனம், முள்ளும் முள். ஒருநாள் மேலே அடுக்கியிருந்த குலை ஒன்று சரிந்து அவன் தலைக்கு நேராக வந்தது. வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். இவன் வலது கையில் கம்பி இருந்ததால் இடது கையால் அதைத் தட்டிவிட்டான். ஏதோ ஈயைத் தட்டுகிற மாதிரி. தட்டிவிட்டு அடுத்த குலையைக் குத்தினான். கையில் முள் ஏறியிருந்ததை மத்தியானம் சோறு பிசையும்போதுதான் பார்த்தான்.

குளுவாங்கில் ஓய்வுபெற்ற இராணுவக்காரர் ஒருவர் கடைமாடியில் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்கினார். அவருக்கு வாளி தூக்கித் தூக்கியே மூலையில் நிற்கிற வேலையை நான் கற்றிருந்தேன். கிரகோரியை அங்கே கூட்டிப்போனேன். முதல் நாள் அவன் குத்திய குத்தில் மணல்மூட்டையின் கொக்கி கழன்றது. இராணுவக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாளியைக் கழுவினேன். உள்ளுக்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த வருஷத்து மாநிலப் போட்டியை நாங்கள் வேடிக்கை பார்க்கத்தான் போனோம். கடைசியாக ஹெவிவெயிட் இறுதிச் சண்டை என்று கூப்பிட்டார்கள். ஒருவன் ஏறினான். நூறு கிலோவுக்கு மேல் இருப்பான், கதவு மாதிரி ஆள். பொந்தியானில் அன்னாசி ஃபேக்டரியில் பெட்டி தூக்குகிறவன் என்றார்கள். அவன்தான் சதாசிவம். எதிர்மூலையில் யாரும் இல்லை. மணி அடித்தார்கள். நடுவர் அவன் கையைத் தூக்கினார். கோப்பையைக் கொடுத்தார்கள். மூன்று வருஷமாக இதே கதையாம். ஜொகூரில் அந்த எடைக்கு வேறு ஆளே இல்லை. அவன் சிரிக்கவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. திமிர் என்று நினைத்தேன்.

“இவனை நீ அடிப்பியாடா?” என்று கிரகோரியிடம் கேட்டேன்.

“அடிக்கலாம்ணே. ஆனா நான் அந்த எடை இல்லையே.”

அதுதான் சிக்கல். அன்றைய சட்டப்படி ஹெவிவெயிட் என்றால் எண்பத்தோரு கிலோ இருக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் கேள்வி இல்லை; குறைந்தால் சேர்க்க மாட்டார்கள். கிரகோரி எழுபத்தெட்டுக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. அவனுடைய சொந்தப் பிரிவில் ஒரு போலீஸ்காரன் இருந்தான். நல்ல ஆட்டக்காரன், அதில் பொய் சொல்லக் கூடாது. அவனை அடிக்கக் கிரகோரிக்கு இன்னும் பழக்கம் வேண்டும். கதவை அடிக்கலாம். கதவு நகராது.

மற்ற பையன்கள் எடை பார்க்கிற நாளுக்கு முன்னால் எச்சிலைக்கூடத் துப்பிக் குறைத்துக்கொண்டு அலைவார்கள். அடுத்த வருஷத்துப் போட்டிக்கு நாங்கள் தின்றோம். ஒரு சீப்பு வாழைப்பழம், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள், அதன்மேல் டின்பால். ரயில் ஸ்டேஷனில் இருந்த சரக்குத் தராசில் அவனை நிறுத்திப் பார்த்தேன். எண்பத்தொன்றைத் தாண்டியது. இதையே எடை பார்க்கிற அன்று காலையில் செய்தால் போதும்.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். ஜொகூரில் அப்போது வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வெள்ளி காலை எடை பார்ப்பது, சனி சாயங்காலம் சண்டை என்று வைத்திருந்தார்கள். அது எந்த வெள்ளி என்று நான் பார்க்கவில்லை. எனக்கு வெள்ளி என்றால் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிற நாள், அவ்வளவுதான். பொழுது விடிவதற்குள் பழமும் பொட்டலமுமாகப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டினால், அவன் அம்மா அந்தோணியம்மாள் கறுப்புச் சேலையில் நிற்கிறார்.

“என்ன காளியப்பா, விடிஞ்சதும் விடியாததுமா கடை பரப்புற?”

“கிரகோரிக்குத்தான்க்கா.”

“இன்னிக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு. இவன் உக்காந்து நாசி லெமாக் திங்கணுமா?”

“எடை பார்க்கணும்லா அக்கா. திங்காட்டி சேர்த்துக்க மாட்டாங்க.”

“சேர்க்காட்டிப் போவட்டும்.”

கிரகோரி அவருக்குப் பின்னால் நின்றான். நூறு கிலோ ஆளை அடிக்கப் போகிறவன், அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

“அப்ப தண்ணி? தண்ணி குடிக்கலாமா?” என்றேன்.

“தண்ணியை யாரு வேணாம்னா?”

அது போதும் எனக்கு. லோரியில் இருந்த டின்னைக் கழுவி அவர் வீட்டுக் குழாயிலேயே பிடித்தேன். ஜொகூர் பாரு போகிற வழி முழுக்க அவன் குடித்துக்கொண்டே வந்தான். நான் ஓட்டிக்கொண்டே, “குடி, குடி,” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கூலாய் தாண்டும்போது, “அண்ணே, பள்ளம் பார்த்து ஓட்டுங்க,” என்றான். ஒன்றுக்கு இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். இருந்தால் எடை போய்விடுமே. அரைமணி நேரம் வேர்த்துக்கொண்டு வந்தான்.

எடை பார்க்க அரிசிக் கடையிலிருந்து ஒரு தராசை வாங்கி வைத்திருந்தார்கள். தரையோடு தட்டு, முன்னால் இரும்புக் கம்பி. எடை சரியாக இருந்தால் கம்பி எழும்பும். அதிகாரி கம்பிமேல் குனிந்திருந்தார். சதாசிவம் எங்களுக்கு முன்னாலேயே எடை பார்த்துவிட்டு, கிரகோரிக்குப் பின்னால் சுவரோரம் நின்றான். கிரகோரி ஏறினான். கம்பி எழும்பவில்லை. அதிகாரி கம்பியை விரலால் சுண்டிப் பார்த்தார். நான் முருகனைக் கூப்பிட்டேன். கிரகோரி அவன் ஆளைக் கூப்பிட்டிருப்பான். கம்பி மெதுவாக எழும்பி நின்றது.

“எண்பத்தொண்ணு. சரி, எறங்கு.”

அவன் இறங்கி ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஈயமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தோணியம்மாள் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

மறுநாள் சண்டை. மூன்று சுற்று. முதல் சுற்றில் சதாசிவம் விட்ட ஒரு குத்து இவன் காதோரம் விழுந்தது. முழங்கால் இரண்டும் மடங்கின. கயிற்றில் முதுகைக் கொடுத்து அப்படியே நின்றான், விழவில்லை. நான் முகத்தைத் துடைக்கும்போது, “குலை சரியுது, தட்டிவிடு,” என்று மட்டும் சொன்னேன். இரண்டாவது சுற்றில் அந்த இடது கை வேலை செய்தது. வர வரத் தட்டிவிட்டான், தட்டித் தட்டி நுழைந்து விலாவில் கொடுத்தான். மூன்றாவது சுற்றில் கதவு நகர்ந்தது. பின்னால் நகர்ந்தது. ஹாலில் சீனர், மலாய்க்காரர், நம்ம ஆட்கள் எல்லோரும் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். ஐந்து நடுவர்களில் மூன்று பேர் இவன் பக்கம் கொடுத்தார்கள். சதாசிவம் வந்து இவனைக் கட்டிப்பிடித்துச் சிரித்தான். தோற்றவன் சிரிக்கிறான் என்றால் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே நினைத்தேன்.

அன்று ராத்திரி ஈஸ்டர் பூசைக்கு நானும் போய்ப் பின்னால் நின்றேன். எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. கிரகோரிக்கு ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. அந்தோணியம்மாள் சாமியைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம். ஈப்போவில் ஒருவனை முதல் சுற்றிலேயே படுக்கவைத்தான். சிங்கப்பூரில் கூப்பிட்டு ஆடவைத்தார்கள், ஜெயித்துவிட்டு வந்தான். கோலாலம்பூரில் ஒரு இராணுவக்காரனிடம் தோற்றான். அவனும் இவனை விழவைக்கவில்லை. சதாசிவத்தோடு மறுபடி மூன்று தடவை: இரண்டு இவனுக்கு, பட்டத்துக்கு இல்லாத ஒன்று அவனுக்கு. கல்யாணமானதும் பெண்டாட்டி சமையலில் எடை தானாக ஏறிவிட்டது, தண்ணீர் தேவைப்படவில்லை. கண்ணில் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று கையுறையைக் கழற்றி என் வாளிக்குள் போட்டான். அழவில்லை. மறுவாரம் தம்போயில் ஒரு வர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று.

விழாவுக்குச் சீக்கிரமே போனேன். மைக்கின் வயர் எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று பார்த்து, தரையில் கிடந்த அதன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். சதாசிவம் ஈயம் என்று வாயைத் திறந்தால் காலால் ஒரு தட்டு. கரண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கிரகோரி வெள்ளைச் சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தான். சர்க்கரை வியாதி அவனை உருக்கிவிட்டது. தோள் மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து, “வாங்கண்ணே, ஏன் பிளக்குகிட்ட உக்காந்திருக்கீங்க? ஷாக் அடிக்கும்,” என்றான்.

“எனக்கு இங்கதான் காத்து வருது.”

ஃபாதர் பேசினார். பிறகு சதாசிவம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தான். உடம்பு இன்னும் கதவுதான். மைக்கைப் பிடித்தான். நான் காலைச் சுவிட்சின்மேல் வைத்தேன்.

“எங்க ஊருல எல்லாரும் ஈயம் ஈயம்னு பேசுவானுங்க,” என்றான்.

கால் அழுந்தப் போனது.

“ஈயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். ஏன்னா, அப்ப வேற எப்படிடா எடை ஏறிச்சுன்னு கேப்பானுங்க, நான்ல மாட்டிக்குவேன்.”

நான் காலை எடுத்துவிட்டேன்.

“மூணு வருஷம் நான் சாம்பியன். ஒரு குத்து குடுத்ததில்ல, ஒரு குத்து வாங்குனதில்ல. வீட்டுல மூணு கப்பு நின்னுச்சு, எங்கம்மா அதுல ஊதுபத்தி சொருகி வச்சாங்க. ஃபேக்டரியில என்னைக் காத்தடிச்சான் சாம்பியன்னு கூப்பிடுவானுங்க. நாலாவது வருஷம்தான் ஒருத்தன் வந்தான். ஒல்லியா, வயிறு மட்டும் உப்பிப்போயி. தராசுல ஏறுறான், கம்பி எழும்பலை. எனக்கு அழுகையே வந்துருச்சு. இந்த வருஷமும் காத்தையா அடிக்கணும்? பின்னாடிதானே நின்னேன். கால் கட்டைவிரலைத் தட்டோட ஓரத்துல வச்சு ஒரே அமுக்கு.”

ஹால் முழுக்கச் சிரித்தது. ஃபாதர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

“மறுநாளு அவன் அடிச்ச அடி, அது நானே வெத்தலைபாக்கு வச்சு வரவழைச்ச அடி. மூணு நாளு விலா வலியில கையைத் தூக்க முடியலை. ஆனா அன்னிக்குத்தான்யா நான் பாக்ஸர் ஆனேன். அதுக்கு முன்னாடி நான் பொட்டி தூக்குறவன். இந்த ஜொகூர்ல எனக்கு எதிரே வந்து நிக்க ஒரு மனுஷன் இருந்தான்னா, அது கிரகோரி மட்டுந்தான்.”

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கிரகோரி எழுந்து போய் அவனைக் கட்டிப்பிடித்தான். பேரப்பிள்ளைகள் மேசைமேல் ஏறிக் கத்தின. கிரகோரியை இத்தனை பேர் நின்று பார்த்து ரொம்ப வருஷம் ஆயிற்று. நானும் எழுந்து கைதட்டினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கட்டைவிரல்?

சாப்பாட்டு நேரத்தில் சதாசிவத்தைப் பிடித்தேன். “சதா, அன்னிக்கு நீ கால்ல சப்பாத்து போட்டிருந்த.”

“எடை பார்த்துட்டு எறங்குனவன் சப்பாத்தோட நிப்பானா காளி? வெறுங்காலு.”

“சப்பாத்து. கறுப்பு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவனை ஏத்துனது என் தண்ணி.”

“ஒன் தண்ணி பாதி ஏத்துச்சு. மீதி நான்.”

“டேய் கிரகோரி, இங்க வா. இவன் சொல்றது நெசமா?”

கிரகோரி தட்டில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தட்டு லேசா அமுங்குன மாதிரிதாண்ணே இருந்துச்சு.”

“அப்ப ஏன்டா எங்கிட்ட சொல்லலை?”

“லோரியில திரும்பி வரும்போது நீங்க வழியெல்லாம் பாடிக்கிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?”

ஹாலின் ஓரத்தில், வயசானவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்க சர்ச் ஆட்கள் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே முள் வைத்த ஒரு சின்னத் தராசும் இருந்தது. சதாசிவம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். “ஏறு கிரகோரி,” என்றான். கிரகோரி சிரித்துக்கொண்டே ஏறினான். முள் எழுபத்து மூன்றில் நின்றது. சதாசிவம் செருப்பைக் கழற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து கட்டைவிரலைத் தராசின் ஓரத்தில் வைத்தான். முள் நகர்ந்தது. எழுபத்தாறு, எழுபத்தொன்பது. எண்பத்தொன்றில் வந்து நின்றது.

“பார்த்தியா. சாம்பியன்,” என்றான்.

எவ்லின் அதைப் போட்டோ எடுத்தாள். எல்லோரும் அவளுக்கு அனுப்பு, இவனுக்கு அனுப்பு என்று சுற்றி நின்றார்கள்.

“இது பிளாஸ்டிக்,” என்றேன். “பூனை மிதிச்சாலும் ஏறும். அது அரிசிக் கடைத் தராசு. இரும்பு.”

“அண்ணே, சாப்பிட்டுப் போங்க,” என்றான் கிரகோரி, தராசிலிருந்து இறங்காமலே.

“நீ சாப்பிடு. நீதான் எளைச்சிருக்க.”

என் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கட்டும். அந்த டின் என்ன கொள்ளும் என்று எனக்குத் தெரியும். கடைசிச் சொட்டு வரை அவன் குடித்ததை நான் பார்த்தேன். சதாசிவம் சப்பாத்துதான் போட்டிருந்தான். கறுப்புச் சப்பாத்து.